ஸ்லோ ப்ளூஸைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி: சேலம், ஏற்காட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ப்ளூஸ் அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை, அதன் மெதுவான வகை ஸ்லோ ப்ளூஸ். அந்தப் பாட்டில் பாதி குரல். மீதிப் பாதி, அந்தக் குரலுக்கு வாத்தியம் சொல்லும் பதில். குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டால், "சொன்ன வரியையே ஏன் திரும்பச் சொல்கிறார்கள்?" என்று தோன்றும், இரண்டாவது நிமிடத்தில் விரல் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். பதிலையும் சேர்த்துக் கேட்கப் பழகியவர் கடைசி அடி வரை உட்கார்ந்திருப்பார். சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதே இல்லை. கூத்தாடுபவர் ஒரு அடி பாடி நிறுத்துவார், பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள், நடுவில் முகவீணை புகுந்து போகும். ப்ளூஸில் அந்த இடம் கிட்டாருக்கோ ஆர்கனுக்கோ டிரம்பெட்டுக்கோ வாய்க்கிறது.

பழகுவதற்கு மூன்று பதிவுகள் போதும். டி-போன் வாக்கர் 1947இல் பதிவு செய்த 'ஸ்டார்மி மண்டே', எட்டா ஜேம்ஸ் 1967இல் அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் உள்ள ஃபேம் ஸ்டூடியோவில் பாடிய 'ஐ'ட் ராதர் கோ பிளைண்ட்', பி.பி. கிங் 1969இல் வெளியிட்ட 'த த்ரில் இஸ் கான்'. இணையத்தில் தேடும்போது இந்தப் பெயர்களில் பிற்கால மேடைப் பதிவுகளும், வேறு ஆட்கள் பாடியவையும் குவியலாக வரும். தொகுப்பு ஆல்பங்களில் போட்டிருக்கும் ஆண்டு தொகுப்பு வெளியான ஆண்டாக இருக்கும், பாட்டு பதிவான ஆண்டாக இருக்காது. பி.பி. கிங் பாட்டுக்கு நீளத்தையும் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் அது ஆல்பத்தில் வந்த முழுப் பதிவு. நாலு நிமிடத்துக்குள் முடிந்தால் சிங்கிளுக்காக, அதாவது தனிப் பாட்டாக வெளியிட, வெட்டியது. வெட்டியதில் கடைசிப் பகுதி குறைந்துவிடுகிறது, அந்தப் பகுதிக்காகவே முழுப் பதிவு வேண்டும்.

அறையைத் தயார் செய்வது

சேலத்தில் ஸ்லோ ப்ளூஸுக்கு முதல் எதிரி சீலிங் ஃபேன். அதன் காற்றோசை டிரம்ஸின் சிம்பல் சத்தத்தின் மேலேயே வந்து உட்காரும், அடங்கி ஒலிக்கும் ஆர்கனையும் விழுங்கிவிடும். பாட்டு ஓடும் ஐந்து நிமிடம் ரெகுலேட்டரை 1க்கு இறக்குங்கள், முடிந்தால் நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் பகலில் இது நடக்காது. இரவு பத்து மணிக்கு மேல், அல்லது விடியற்காலை ஐந்து மணி வாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குகை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி மாதிரி தறி ஓடும் இடங்களில் தறி நிற்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் ஃபேன், ஏ.சி. போன்ற சீரான இரைச்சலை நன்றாக அடக்கும், தறியின் வெட்டு வெட்டான அடியை அவ்வளவாக அடக்காது. அந்த அடிக்குத் தனியாக ஒரு லயம் உண்டு. அது பாட்டின் மெதுவான லயத்தோடு மோதினால் தாளம் எண்ணவே முடியாது.

ஏற்காட்டில் ஃபேன் தொல்லை இல்லை. அங்கே அந்தி நேரத்தில் காபித் தோட்டங்களில் சில்வண்டு கத்தத் தொடங்கினால் சிம்பல் காணாமல் போகும். ஜன்னலைச் சாத்துங்கள், அல்லது இருட்டி ஒரு மணி நேரம் போகட்டும். மழை விழும் தகரக் கூரைக்கு அடியில் ஹெட்போன் தவிர வேறு வழியில்லை. மலையேறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் காரில் இந்தப் பாட்டுகளை ஓட விடலாம் என்று ஆசை வரும். பழகிய பாட்டுக்கு அது சரி. முதன்முறை கேட்பதற்குச் சரிவராது: டயர் சத்தமும் இரண்டாவது கியரில் இஞ்சின் முக்கலும் பேஸ் கிட்டார் இருக்கும் கீழ் ஒலிகளை அப்படியே மறைத்துவிடும்.

ஃபோனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டால் பேஸ் கிட்டார் இல்லாத பாட்டைத்தான் கேட்கிறீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி அதிர்வது நொடிக்கு 41 தடவை, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது. ஆயிரம் ஆயிரத்தைந்நூறு ரூபாய் வயர் இயர்ஃபோன் இதற்குப் போதுமானது. ஆனால் ரப்பர் முனை காதில் சரியாக அடைக்க வேண்டும். பாட்டு ஓடும்போது இயர்ஃபோனை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் திடீரென்று பெருத்தால் முனை உங்கள் காதுக்குச் சின்னது, அடுத்த அளவைப் போடுங்கள். பேஸ் பூஸ்ட், 3டி, ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட் போட்டால் கீழ் ஒலி வீங்கிக் குரலின் அடிப்பகுதியை மூடும். 1947 பதிவு மோனோ, இரண்டு காதிலும் ஒரே சத்தம்தான் வரும். இயர்ஃபோன் கெட்டுவிட்டதோ என்று கழற்றிப் பார்க்க வேண்டாம்.

ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டையும் ஆறடி இடைவெளியில் வைத்து, இரண்டிலிருந்தும் அதே ஆறடி தள்ளி உட்காருங்கள். சுவர் மூலையில் தள்ளி வைத்தால் பேஸ் 'கும்' என்று ஒரே ஸ்வரமாகக் கேட்கும், ஒரு அடியாவது முன்னே இழுங்கள். டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் உள்ள ஹாலில் ஸ்நேர் (டிரம்ஸில் 'டக்' என்று ஒலிக்கும் சின்ன டிரம்) அடி எதிரொலிக்கும். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டாலே பெரும்பகுதி அடங்கிவிடும்.

தாளம் போடுவது

பெரும்பாலான ஸ்லோ ப்ளூஸ் நாலு தட்டு, ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று துண்டு. நம் கணக்கில் திஸ்ர நடை: தகிட தகிட தகிட தகிட. இந்த நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார், பன்னிரண்டு பார் சேர்ந்தது ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 தட்டு என்றால் ஒரு பாருக்கு 4 நொடி, ஒரு சுற்றுக்கு 48 நொடி. பாட்டின் நீளத்தை இதனால் வகுத்தால் எத்தனை சுற்று என்று தெரிந்துவிடும். மூன்று நிமிடப் பாட்டில் நாலு சுற்றுக்கூட முழுதாக வராது. அதற்குள் கதை சொல்லி, வாத்தியத்துக்கும் இடம் விட்டு முடிக்கிறார்கள் என்று தெரியும்போதுதான் அவர்களுடைய சிக்கனம் புரியும்.

பலரும் தவறுவது இங்கேதான். மூன்று துண்டில் ஒவ்வொன்றையும் ஒரு தட்டாக எண்ணிவிடுவார்கள். அப்படி எண்ணினால் பாட்டு மும்மடங்கு வேகமாகத் தெரியும், பிடியும் கிடைக்காது. ஸ்நேரைக் கேளுங்கள். 'டக்' என்று அது விழும் இடம் இரண்டாவது தட்டும் நாலாவது தட்டும். நம் கை வழக்கமாக முதல் தட்டுக்கே போகும். அதை மடியில் வைத்துவிட்டு, ஸ்நேரோடு சேர்த்து இரண்டிலும் நாலிலும் மட்டும் மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு சுற்று இப்படித் தட்டினால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், வேகப்படுத்தும் அவசரம் போய்விடும். 'த த்ரில் இஸ் கான்' இதற்கு விலக்கு. அது சதுஸ்ரம் (ஒரு தட்டுக்குள் நாலு துண்டு), நிமிடத்துக்குச் சுமார் 90 தட்டு, ஒரு சுற்று ஏறக்குறைய 32 நொடி. தகிட போட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் தவறு உங்களுடையது அல்ல.

பேஸிலிருந்து தொடங்குங்கள்

முதலில் குரலைக் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரை மட்டும் பிடித்து ஒரு முறை முழுவதும் போங்கள். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு நேர்வழி உண்டு. ஃபோனில் தம்புரா செயலியை 7 கட்டைக்கு வையுங்கள், பி.பி. கிங் பாட்டின் ஆதார சுருதி அது. பழைய டேப் பதிவுகளில் சுருதி இம்மியளவு ஏறியோ இறங்கியோ இருப்பது உண்டு, நுண் திருத்தம் இருந்தால் ஒட்ட வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பேஸோடு சேர்ந்து மெதுவாக முனகுங்கள். முதல் நாலு பாரும் ஸ. ஐந்து, ஆறு ம. ஏழு, எட்டில் திரும்ப ஸ. ஒன்பதாவது பாரில் சுத்த தைவதம். பத்தில் ப. பதினொன்றும் பன்னிரண்டும் ஸ.

அந்த ஒன்பதாவது பாரில் நில்லுங்கள். கிட்டாரும் குரலும் பெரும்பாலும் புழங்குவது ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம் என்ற ஐந்து ஸ்வரங்களில். அதாவது சுத்த தன்யாசியின் ஸ்வரங்கள். சுத்த தைவதம் அந்தக் கூட்டத்தில் இல்லாதது. பேஸ் அதில் போய் இறங்கும்போது மேலே பாடுகிற அதே பழைய ஸ்வரங்கள் வேறு நிறத்துக்கு மாறுகின்றன. பத்தாவது பாரில் பஞ்சமத்துக்கு வரும்போது அரை ஸ்வரம்தான் இறங்குகிறது, பிறகு ஸ. பாட்டின் வலி முழுவதும் அந்த இரண்டு பாரில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை வந்தாலும் அது தேய்வதில்லை.

வழக்கமான மேஜர் ப்ளூஸில் (கார்டில் அந்தர காந்தாரம் வரும் வகை) இந்தத் திருப்பம் இருக்காது. அங்கே ஒன்பது ப, பத்து ம, பதினொன்று ஸ, பன்னிரண்டில் அடுத்த சுற்றுக்கு அழைப்பதுபோல் ப. சில பாட்டில் இரண்டாவது பாரிலேயே ம-வுக்குப் போய்த் திரும்பிவிடுவார்கள். அதைக் கேட்டுக் கணக்குத் தப்பியது என்று நினைக்காமல் எண்ணிக்கையைத் தொடருங்கள். எட்டா ஜேம்ஸ் பாட்டோ பன்னிரண்டு பார் வடிவத்திலேயே இல்லை. இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), ஏ மேஜரும் பி மைனரும். 6 கட்டை சுருதியில் ஸ-விலிருந்து ரி, ரியிலிருந்து ஸ. தரை அவ்வளவுதான் நகர்கிறது. மீதி எல்லாம் அவர் குரல் செய்கிற வேலை.

ஆர்கன், பியானோ, பித்தளை

இரண்டாம் முறை கேட்கும்போது நடுவில் நிற்பவர்களைக் கவனியுங்கள். ஹாமண்ட் ஆர்கனை எளிதாக அடையாளம் காணலாம்: அடித்த ஸ்வரம் பியானோ மாதிரி தேயாது, விரல் எடுக்கும் வரை அதே பலத்தில் நிற்கும். அதற்கு உயிர் தருவது லெஸ்லி என்ற ஸ்பீக்கர் பெட்டி. உள்ளே மேல் ஒலிக்கான கொம்பும் கீழ் ஒலிக்கான உருளையும் மோட்டாரில் சுழல்கின்றன, வேகம் இரண்டே. மெதுவாகச் சுழலும்போது ஒலி அலைபோல் அசையும், வேகத்துக்கு மாற்றினால் நடுங்கும். மாற்றியதும் கொம்பு சட்டென்று வேகம் எடுத்துவிடும், கனமான உருளை பின்னால் மெதுவாக வந்து சேரும். ப்ளூஸ் ஆர்கன் வாசிப்பவர் எங்கே வேகத்தை மாற்றுகிறார் என்று காத்திருந்து கேளுங்கள். குரல் உச்சிக்குப் போவதற்குச் சற்று முன்னால்தான் பெரும்பாலும் மாற்றுவார். கீபோர்டில் ஆர்கன் டோனைப் போட்டுவிட்டு இந்த மாற்றத்தை மறந்தால்தான் நம் மேடைகளில் ஆர்கன் உயிரில்லாமல் ஒலிக்கிறது.

டிரம்பெட்டையும் சாக்ஸஃபோனையும் கல்யாண பேண்டு செட்டில் கேட்டுப் பழகிய காதுக்கு, ப்ளூஸில் அவை இவ்வளவு அடங்கி இருப்பது முதலில் ஏமாற்றமாக இருக்கும். எட்டா ஜேம்ஸ் பாட்டில் பித்தளைக் குழுவின் நீண்ட கார்டுகள் குரலுக்கு அடியில் விரிப்பாக இருக்கின்றன. அவர் மூச்சு வாங்கும் இடங்களில் அவை மேலே தெரிகிறதா என்று பாருங்கள். பியானோ இருந்தால் வலது கை மேல் ஸ்தாயியில் 'தகிட'வை அப்படியே தட்டிக்கொண்டிருக்கும், தாளம் தவறியவர்கள் அதைப் பிடித்துத் திரும்ப ஏறிக்கொள்ளலாம்.

கிட்டாரின் ஒரு ஸ்வரம்

இனி பதில் சொல்பவர். பி.பி. கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார், கார்டும் பிடிக்க மாட்டார். ஒற்றை ஸ்வரங்கள் மட்டும். உறவினர் புக்கா ஒயிட் கம்பிமேல் ஸ்லைடை (விரலில் மாட்டும் குழாய்) வைத்து இழைத்து வாசித்ததைத் தன் கையால் செய்ய முடியாததால், இடது கை விரலையே நடுக்கி அந்த ஒலியை வரவழைக்கப் பார்த்தார். அப்படி உருவானதுதான் அவருடைய அடையாளமான அந்த அதிர்வு.

ஒரு ஸ்வரத்தை எடுத்துப் பாருங்கள். கிட்டாரின் இரண்டாவது கம்பி, 10ஆவது ஃப்ரெட் (வீணையின் மெட்டு மாதிரி கழுத்தில் பதித்த குறுக்குப் பட்டை). 7 கட்டைக்கு அது கைசிகி நிஷாதம். வலது கை ஒரே ஒரு முறை மீட்டும். பிறகு இடது கை கம்பியைப் பக்கவாட்டில் மேலே தள்ளத் தள்ளச் சுருதி ஏறி ஷட்ஜத்தில் போய் நிற்கும், நின்றதும் அங்கேயே அசையும். மீட்டிய சத்தம், ஏறும் வழி, வந்து சேர்ந்த இடம், அசைவு, அடங்கல்: ஐந்தையும் தனித்தனியாகக் கேட்க முடிகிறதா என்று சோதியுங்கள். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கேட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அதே காது இன்னொரு இடத்தில் முரண்டு பிடிக்கும். மேஜர் ப்ளூஸில் பியானோ அந்தர காந்தாரத்தை வைத்திருக்கும்போதே பாடுபவர் சாதாரண காந்தாரத்தைப் பாடுவார், கிட்டார் இரண்டுக்கும் நடுவில் எங்கோ கம்பியை நெளித்து நிறுத்தும். அபஸ்வரம் என்று உதறிவிடாதீர்கள். அந்த உரசல் வேண்டுமென்றே வைக்கப்பட்டது, அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்கள் வயலிலும் தேவாலயத்திலும் பாடிய பாட்டிலிருந்து வந்தது. ராகம் என்ற அளவுகோலை ஸ்வரங்களை அடையாளம் காண மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சங்கதி சங்கதியாக வளரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இங்கே ஒரே சொற்றொடர் திரும்ப வரும், அழுத்தம் மட்டும் மாறும்.

டி-போன் வாக்கரிடம் வேறொன்றைக் கேளுங்கள். அவர் ஒரு கார்டை இரண்டு ஃப்ரெட் மேலே பிடித்து அப்படியே கீழே சறுக்கிக் கொண்டுவந்து சேர்ப்பார். மின்சார கிட்டாரில் ப்ளூஸ் வாசிக்கும் பெரும்பாலோர் இன்றும் செய்யும் சறுக்கல் அது.

கடைசியாகக் குரல்

இத்தனைக்கும் பிறகு குரலுக்கு வாருங்கள். ஸ்டார்மி மண்டே மாதிரியான பாட்டில் ஒரு வரியை இரண்டு பார் பாடி, இரண்டு பார் விட்டுவிடுவார்கள். அதே வரி ம-வின் மேல் மறுபடி வரும், மறுபடி இரண்டு பார் இடைவெளி. மூன்றாவதாகத்தான் புது வரி. இரண்டாம் முறை வரும்போது சொல் அதேதான், கீழே தரை மாறியிருக்கும், நடுவில் வாத்தியம் ஒரு பதிலும் சொல்லியிருக்கும். ஆங்கில வரிகள் புரியாவிட்டாலும் நஷ்டமில்லை. எட்டா ஜேம்ஸ் தட்டுக்குச் சற்றுப் பின்னால் சொல்லை இறக்குவதையும், வரியின் கடைசி எழுத்தில் குரல் கரகரப்பதையும் கேட்க இங்கிலீஷ் தேவையில்லை. வரிகளைத் திரையில் வைத்துப் படித்துக்கொண்டே கேட்பதுதான் கெடுதல், கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும், இடைவெளி காதில் விழாது.

பி.பி. கிங் பாட்டில் ஏற்பாட்டாளர் பெர்ட் டிகோட்டோ எழுதிய வயலின் கூட்டம் பிறகு சேர்க்கப்பட்டது. சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து, கடைசியில் கிட்டாருக்கு அதுவே பதில் சொல்லத் தொடங்கிவிடும். அதுவரை பதில் சொல்லிக்கொண்டிருந்த கிட்டார் அங்கே கேள்வி கேட்கிறது. முழுப் பதிவு வேண்டும் என்று சொன்னது இதற்காக.

மூன்று பாட்டையும் ஒரே இரவில் கேட்டு முடிக்காதீர்கள். ஒரு பாட்டை ஒரு வாரம் வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒரு வாத்தியமாகப் போங்கள்.

வீட்டில் கிட்டார் இருந்தால்

மெல்லிய கம்பி போடுங்கள், 0.009 அல்லது 0.010 அங்குலம். அக்கூஸ்டிக்கில் வழக்கமாக வரும் 0.012இல் முழு ஸ்வரம் தள்ள விரல் எரியும். மோதிர விரலை ஸ்வரத்தில் வைத்து, நடுவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதே கம்பியில் பின்னால் சேர்த்து, மூன்றாலும் தள்ளுங்கள். ஒற்றை விரலால் தள்ளினால் சுருதி பாதி வழியில் நின்றுவிடும், கேட்பவருக்கு அது தப்பாகவே விழும். முதலில் 12ஆவது ஃப்ரெட்டில் ஷட்ஜத்தை நேராக மீட்டிக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு 10ஆவதிலிருந்து தள்ளி அதே உயரத்தைத் தொடுங்கள். கீபோர்டில் என்றால் சுருதியை ஏற்றி இறக்கும் இடது பக்கச் சக்கரம் பெரும்பாலான மாடல்களில் ஒரு முழு ஸ்வரம் வரை ஏற்றும், சட்டென்று தள்ளாமல் மெதுவாக உருட்டுங்கள்.

சேலத்துச் சூட்டில் சுருதி சேர்த்த கிட்டாரை ஏற்காட்டுக்குக் கொண்டுபோனால் குளிரில் கம்பி சுருங்கிச் சுருதி ஏறிவிடும். உறையிலிருந்து எடுத்து அரைமணி நேரம் அறையில் வைத்துவிட்டு மறுபடி சேருங்கள்.

பிறகு பாட்டை ஓட விட்டு, குரல் நிற்கும் அந்த இடைவெளியில் மட்டும் வாசியுங்கள். முதலில் ஒரே ஒரு ஸ்வரம் போதும். குரல் திரும்புவதற்கு ஒரு தட்டு மிச்சம் இருக்கும்போதே கம்பியில் உள்ளங்கையை வைத்து நிறுத்திவிடுங்கள்.